கூழ் குடித்தவர்கள் வரவும்

குமாசி நகரத்துச் சுவர்களில் பாதியை நிரப்பியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு பழைய அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அசாஃபோ பகுதியில் கடை போட்டேன். இன்று நான்கு இயந்திரங்கள் ஓடுகின்றன. எங்கள் ஊரில் மனிதர்கள் சுவரில் ஏறுவது இரண்டு சமயங்களில்தான்: ஓட்டுக் கேட்கும்போது, செத்துப்போகும்போது. இரண்டுக்கும் என்னிடம்தான் வருவார்கள். முகம் எவ்வளவு பெரிதாக இருந்தால் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து தெரியும் என்று எனக்கு அளவுகோல் வேண்டியதில்லை.

நான் அச்சடித்ததை ஒட்டுகிறவன் அமன்குவா. மரவள்ளி மாவில் அவனே பசை காய்ச்சுவான். அவன் பசையில் ஒட்டியது மழைக்காலம் முடிந்தும் சுவரில் நிற்கும். கட்சிக்காரர்கள் அதை வாளி வாளியாக என் கடையில் வாங்கிப்போவார்கள்.

ஆனால் ஊருக்கு அவனைத் தெரிந்தது பசையால் அல்ல, குரலால். காலையில் வானொலியில் நடக்கும் அரசியல் நிகழ்ச்சிக்கு ஒரு நாள் தவறாமல் ஃபோன் போடுவான். சாலை, வரி, விலைவாசி எதையும் தொட மாட்டான். போஸ்டர்களை மட்டும் பேசுவான். நிகழ்ச்சி நடத்துகிற ஒபெங் அவனுக்காகவே ஒரு லைனைக் காலியாக வைத்திருப்பான்.

"ஒபெங், நம்ம தொகுதியில தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாரே, பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"தொப்பிய பாதியில வெட்டிட்டாங்க. சொந்தத் தொப்பியவே முழுசா காப்பாத்த முடியல, இவரு நம்ம கூரைய காப்பாத்தப் போறாராம். அந்தச் சிரிப்பு வேற! பல்லு புடுங்குற கடைக்குப் போட்ட விளம்பரமாட்டம் இருக்கு. பின்னாடி எதுக்குய்யா விமானம்? நம்ம தெருவுக்கு ட்ரோட்ரோ வேனே வரமாட்டேங்குது."

அந்தத் தொப்பியை வெட்டியது என் அச்சகம் இல்லை. படம் தலைநகர் அக்ராவிலிருந்தே அப்படித்தான் வந்தது. முழுத் தொப்பி வேண்டாமா என்று நான் கேட்டேன். இப்போது இதுதான் பாணி என்றார்கள். அடித்துக் கொடுத்தேன்.

இந்தப் பேச்சைக் கேட்டு முதலில் சிரிப்பவள் அமன்குவாவின் மனைவி லாரிபா. வடக்கே போல்காதாங்கா பக்கத்துக்காரி. கெஜெட்டியா வண்டி நிலையத்தில் கம்பங்கூழும் காராமணி வடையும் விற்றாள். அவன் குரல் வந்ததும் வானொலியைச் சத்தமாக வைப்பாள்.

"கேளுங்கய்யா, எங்க வீட்டு மந்திரி பேசுறாரு. இந்த ஃபோன் காசுல நாலு வடை சுட்டிருக்கலாம்!"

ஓட்டுநர்களும் மூட்டை தூக்குபவர்களும் கூழ்க் கிண்ணத்தோடு குலுங்கிச் சிரிப்பார்கள். நானும் அங்கே குடித்திருக்கிறேன்.

வடக்கத்திப் பெண் வேண்டாம் என்று அமன்குவாவின் தாய்வழிச் சொந்தக்காரர்கள் அவனை ஒதுக்கிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. வண்டி நிலையத்தை இடித்துப் புதிய சந்தை கட்டியபோது அவளுடைய கடையும் போயிற்று. கூழ் குடித்தவர்கள் நகரத்தின் பத்து மூலைகளுக்குச் சிதறிப்போனார்கள். பிறகு அவளுக்கு வயிற்றில் நோய். அக்டோபர் மாதத்தில் செத்துப்போனாள். ஊர் வழக்கப்படி உடலைப் பிணவறையில் வைத்திருந்து, நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அடக்கம் என்று முடிவாயிற்று. அதற்கடுத்த வாரம் தேர்தல்.

எங்கள் ஊரில் ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். யாரும் வராமல் போய்விடுவார்களோ என்பது ஒன்றுதான் அமன்குவாவுக்குப் பயம்.

"போஸ்டருக்குத் தலைப்பு என்ன போடலாம்? பேரதிர்ச்சின்னு போடவா? கர்த்தரின் அழைப்புன்னு போடவா?" என்று கேட்டேன்.

"எதுவும் வேணாம் மாமா. மொகம் மட்டும். பெருசா."

"துக்கப்படுறவங்க பேரு?"

"யாரு பேர போடுறது? எங்க ஆளுங்க வரமாட்டாங்க. அவளுக்கு ஒரே ஒரு தம்பி."

"அப்ப யாருதாண்டா வருவாங்க?"

"அவ கூழு குடிச்சவங்க வருவாங்க மாமா. அதையே எழுதுங்க. கூழ் குடித்தவர்கள் வரவும்னு."

நான் அச்சடித்ததிலேயே நல்ல போஸ்டர் அதுதான். கறுப்புப் பின்னணி, சிவப்பு எழுத்து, நடுவில் லாரிபா. எவன் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும், என்னிடம் இன்னும் ஒரு பிரதி இருக்கிறது. அமன்குவா தனியாக நகரம் முழுக்கச் சுற்றி, வண்டிகள் நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒட்டினான்.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் ஒரு சுவரிலும் லாரிபா இல்லை. எல்லா இடத்திலும் தொப்பிக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிய பையன்களைப் பிடித்துக் கேட்டேன். அமன்குவா மேல் அவர்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வரிசையாக ஒட்டிக்கொண்டு போனார்களாம். என் கடையில் வாங்கிய பசைதான்.

மறுநாள் காலை அமன்குவா வானொலிக்கு ஃபோன் போட்டான். அச்சகத்தில் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒபெங், அமன்குவா பேசுறேன்."

"வாங்கண்ணே வாங்க! நேயர்களே, வயித்தப் புடிச்சுக்குங்க! இன்னிக்கு யாரு போஸ்டரு?"

"லாரிபா போஸ்டரு."

"அது எந்தக் கட்சிண்ணே?"

"என் பொண்டாட்டி. அவ மொகத்து மேல தொப்பிக்காரன் ஒட்டிட்டான்."

ஒபெங் கூடவே இன்னும் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அய்யய்யோ, அண்ணி மேலயேவா!"

"சிரிக்காத ஒபெங். சனிக்கிழம அவளுக்கு அடக்கம். அவ கூழு குடிச்சவங்க எல்லாரும் வரணும்."

"கேட்டுக்கிட்டீங்களா? மத்தவங்க அரிசி மூட்டை குடுத்து ஓட்டு கேக்குறாங்க, நம்ம அண்ணன் கூழ ஊத்திக் கேக்குறாரு!"

லைன் போயிற்று. அடுத்துப் பேசியவன், "எனக்கு ரெண்டு வடையும் சேத்து எடுத்து வைங்கண்ணே" என்றான்.

நான் ஃபோன் போட்டேன். லைன் கிடைக்கவே இல்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே வானொலி நிலையத்துக்குப் போனேன். என்னைத் தடுக்கிற காவலாளி இந்த ஊரில் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் ஒபெங் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"நெசமாவா மாமா? அவரு குரலக் கேட்டாலே சிரிப்பு வந்துடுது. நான் என்ன செய்வேன்?"

மறுநாள் சரியாக அறிவிக்கிறேன் என்றான். மறுநாள் வேட்பாளர்களின் விவாதம். பெயிண்ட் விளம்பரத்துக்கும் மின்விசிறி விளம்பரத்துக்கும் நடுவே ஒரே மூச்சில் படித்தான். தெரிந்த எனக்கே அவள் பெயர் காதில் சரியாக விழவில்லை.

அன்று மாலை அமன்குவா தண்ணீர் வாளியோடு போய்ச் சுவரைச் சுரண்டினான். தொப்பிக்காரரை மட்டும் உரித்துவிட்டால் அடியில் அவள் இருப்பாள் என்று நினைத்தான். பசை விடவில்லை. இரண்டு தாளும் ஒரே அட்டையாகக் கையோடு வந்தன. தொப்பிக்காரரின் முதுகில் லாரிபாவின் கன்னம் ஒட்டியிருந்தது. கண்களும் நெற்றியும் சுவரிலேயே நின்றுவிட்டன. நகத்தால் பிரிக்கப் பார்த்தான். தூள் தூளாக உதிர்ந்தது.

"கொஞ்சம் தண்ணியா காய்ச்சியிருக்கலாம் மாமா" என்றான்.

சனிக்கிழமை. பந்தலில் சிவப்பு நாற்காலிகள் வரிசை வரிசையாக. ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்திருந்தான். வந்தவர்கள் அவள் தம்பி, என் அச்சகத்து ஆட்கள், தேவாலயத்துப் பெண்கள் கொஞ்சம் பேர். எல்லோரும் முன்வரிசையில் அடங்கிவிட்டோம். அமன்குவா சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நண்பகலில் பெரிய சத்தம் கேட்டது. தொப்பிக்காரரின் ஊர்வலம். ட்ரோட்ரோ வேன்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தன. ஓட்டுநர்களும் மூட்டை தூக்குபவர்களும் கட்சிச் சட்டையோடு ஆடிக்கொண்டு போனார்கள். பந்தலைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர்களில் பலர் லாரிபாவிடம் கூழ் குடித்தவர்கள் என்று எனக்குத் தெரியும். கத்திக் கூப்பிட்டேன். அந்த முழக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஒரே ஒரு வேன் நின்றது. ஓட்டுநர் தாவுடா இறங்கி வந்து, சவப்பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த படத்தை உற்றுப் பார்த்தான்.

"இது நம்ம கூழக்கா இல்ல?"

"ஆமா" என்றான் அமன்குவா.

"எங்க யாருக்கும் சொல்லவே இல்லயேண்ணே!"

"சொன்னேன் தாவுடா. ரேடியோவுல சொன்னேன்."

தாவுடா சாலையில் போகிற வேன்களைத் திரும்பிப் பார்த்தான்.

"வண்டியில எல்லாரும் சிரிச்சோம்ணே. நானுந்தான் சிரிச்சேன்."

கட்சிச் சட்டையைக் கழற்றினான். அதிலிருந்த தொப்பிக்காரரின் படம் உள்ளே போகும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, காலியாக இருந்த இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தான். அமன்குவா மைக்கை எடுத்துக்கொண்டு அவனிடம் போனான்.

"அவ கூழு எப்படி இருக்கும்னு சொல்லு."

"எனக்குப் பேச வராதுண்ணே."

"நான் பேசினா சிரிக்கிறாங்கப்பா. நீ சொல்லு."

தாவுடா இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்தான். "இஞ்சி தூக்கலா இருக்கும்" என்றான். "காலையில தொண்டையில எரிஞ்சுக்கிட்டே எறங்கும். காசு இல்லன்னா, நாளைக்கிக் குடுடா, மொதல்ல குடின்னு சொல்லும்."

பிறகு ஒலிபெருக்கியில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. அமன்குவா நாற்காலிகளின் நடுவே நின்று, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.