சிவப்புக் கட்டத்தைத் தொட்டவள்

ஓடிப்போனாளாம்! சொல்கிற வாய் கொஞ்சமாவது கூச வேண்டாமா? நாற்பத்தோரு வயதுப் பொம்பளை, பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரித் துணியைத் துவைத்துத் துவைத்துக் கை தேய்ந்தவள், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எவனோ ஒருத்தனோடு ஓடிப்போனாள் என்று மாடி வீட்டுக்காரி சொல்கிறாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாம் அதற்கு "உச்" கொட்டுகிறார்கள். அந்த ஆள் ஒரு பொம்பளை, தெரியுமா? இருமல் பிடித்த பொம்பளை. தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடலாம்.

அவளை மடிப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும், பேசிக்கொண்டே நாலாக மடித்து வைத்துவிடுவாள். கல்யாணம் அமையவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டபோது ஒன்றைத் தூக்கிவந்தாள். யாரோ குமாஸ்தா அதில் ஒரு விளையாட்டை விட்டுவிட்டுப் போயிருந்தான். ஊர் கட்டுவது, படை சேர்ப்பது, எல்லை காப்பது. நீ ஒரு முறை நகர்த்தினால் எதிராளி ஒரு முறை நகர்த்துவார். அவசரமே கிடையாது. அதுதான் அவளுக்குப் பிடித்தது. காலை வேலை முடிந்து இரண்டு மணிக்கு வருவாள், வீடு நிறைகிற ஐந்து மணி வரைக்கும் ஆடுவாள்.

அந்த விளையாட்டில் எல்லாமே முதலில் தேர்ந்தெடுக்கிற தலைவரில்தான் இருக்கிறது. எட்டுத் தலைவர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நல்ல குணம், ஒரு கெட்ட குணம். ஒருமுறை தொட்டால் தொட்டதுதான், மாற்ற முடியாது. "நல்ல குணத்தைப் பாத்து ஆளை எடுக்கறவன் தோத்துடுவான் அண்ணி. கெட்ட குணம் என்னைக்குத் தலை தூக்கும்னு பாக்கணும்" என்பாள். அண்ணி, "எனக்கு அது கல்யாணமாகி மூணாம் நாளே தெரிஞ்சு போச்சு" என்று கூடத்தைப் பார்ப்பாள். கூடத்தில் அண்ணன் உட்கார்ந்திருப்பான்.

விளையாட்டைச் செய்கிற கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. புதுத் தலைவர்களைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். எங்கள் ஆளோடு ஓர் ஆட்டம் ஆடி ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் மட்டும் போதாது, அந்தத் தலைவரை ஏன் எடுத்தீர்கள் என்று காரணமும் சொல்ல வேண்டும். வேலை வேறு ஊரில்.

அண்ணன் குதித்தான். "விளையாடறதுக்குச் சம்பளமா? எவன் காதுல பூ சுத்தறே?" கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தான். "ஆடு. தோத்தியா, அந்தப் பெட்டி காயலான் கடைக்குப் போகும். அப்புறம் வேற ஊரு, வேற வேலைன்னு வாயைத் திறக்கக் கூடாது."

"சரிண்ணே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவள் பணயம் வைத்தது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது.

ஆறு வாரம் வணிக ராணியை வைத்தே பழகினாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. எட்டு முகங்களும் திரையில் வந்தன. வணிக ராணி மூன்றாவது. ஆனால் ஏழாவது முகத்தைச் சுற்றி அன்றைக்குப் புதிதாக ஒரு சிவப்புக் கட்டம். அவள் விரல் போய் அதைத் தொட்டுவிட்டது.

ஏன் தொட்டாள் என்றால், சலவைக் கூடத்தில் சிவப்புப் பை வந்தால் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். தொற்று நோய்க்காரர்களின் துணி அது. அதைக் கிடக்கவிட்டால் மற்றதும் கெட்டுவிடும். பத்தொன்பது வருஷம் யோசிக்காமல் செய்த வேலையை விரல் அன்றைக்கும் யோசிக்காமல் செய்துவிட்டது.

காவல் ராணி. மதில் பலம்; அடுத்தவனை விட்டு ஓடிவருகிற படையைச் சேர்த்துக்கொள்வாள். கெட்ட குணம்: தன்னை ஒருவன் அடிக்கும் வரை இவள் கை ஓங்க மாட்டாள். எதிராளி எடுத்தது குதிரை ராஜா. வேகம், வெறி.

"என்ன, அதுக்குள்ள முகம் செத்துப்போச்சு?" என்றான் நாற்காலிக்குப் பின்னால் நின்ற அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே."

ஆளுக்குப் பத்து ஊர், அறுபது முறை. கடைசியில் யாரிடம் ஊர் அதிகமோ அவர்தான் ஜெயித்தவர். குதிரை ராஜா பன்னிரண்டாவது முறையிலேயே எல்லைக்கு வந்துவிட்டான். மடிப்பு அவனுடைய கெட்ட குணத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பத்து முறை சண்டை இல்லாமல் இருந்தால் அவன் படை கலைய ஆரம்பிக்கும். காலி ஊரைப் பிடிப்பது சண்டையில் சேராது.

ரத்தக் கறைத் துணியில் புதுசாக வந்தவர்கள் சுடுதண்ணீரை ஊற்றிவிடுவார்கள். கறை பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் வேலையிலேயே கஷ்டமான வேலை.

எல்லை ஊரிலிருந்த படையை வெளியே இழுத்தாள். ஊர் போனது. அடுத்ததிலும் இழுத்தாள். அதுவும் போனது.

"என்ன பண்றே? சும்மா தூக்கிக் குடுக்கறியே!"

"பேசாதீங்கண்ணே."

மூன்று, நாலு, ஐந்து. இலவசமாகக் கிடைக்கிற ஊரை விட்டுவிட்டு மதிலில் போய் யார் முட்டுவார்? குதிரை ராஜா ஊர் ஊராக மேய்ந்தான். ஏழு ஊர் போய், மூன்று மிச்சம். அண்ணன் கைபேசியை எடுத்துக் காயலான் கடைக்காரனை அவள் காதுபடவே கூப்பிட்டான். "சாயங்காலம் வண்டி கொண்டா." காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

முப்பத்தெட்டாவது முறையில் எல்லையிலிருந்த அவன் படை ஒன்று கலைந்து இவள் பக்கம் வந்தது. காவல் போன ஊரும் கூடவே வந்தது. பிறகு இன்னொன்று. எதிராளிக்குப் புரிந்துவிட்டது. இருக்கிற படையை எல்லாம் திரட்டிக்கொண்டு குதிரை ராஜா இவள் தலைநகரத்துக்கு ஓடிவந்தான். ஐம்பத்திரண்டாவது முறையில் மதிலில் மோதினான். மதில் பாதி சரிந்தது. பாதி நின்றது.

அடித்துவிட்டான் அல்லவா, இனி அவளும் அடிக்கலாம். எட்டு முறைதான் மிச்சம். அவனை விட்டு ஓடிவந்த படையை அவன் ஊர்கள் மேலேயே அனுப்பினாள். அறுபதாவது முறை முடிந்தபோது பதினொன்றுக்கு ஒன்பது.

காதில் மாட்டியிருந்த கருவியில், எதிரே ஆடிய கம்பெனி ஆளின் குரல் இருமிவிட்டுப் பேசியது; பெண்குரல். மடிப்பு அதைக் கழற்றி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். "நல்லா ஆடினீங்க. எங்ககிட்ட வந்தவங்க யாருமே காவல் ராணியைத் தொடலை. நீங்க ஏன் எடுத்தீங்க?"

அண்ணன் கையை ஆட்டினான். ஆயிரம் தடவை திட்டினவன்தான், ஆனால் ஜெயித்த பிறகு அவனுக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது. "திட்டம் போட்டு எடுத்தேன்னு சொல்லு" என்று உதட்டை மட்டும் அசைத்தான். மடிப்புக்கும் அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் வேலை. சொல்லாவிட்டால் நாளைக் காலை மறுபடியும் சிவப்புப் பை.

"நான் எடுக்கலைங்க. கை தப்பிப் போச்சு" என்றாள்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். இவள் நிறுத்தவில்லை. பையைப் பற்றிச் சொன்னாள், விரலைப் பற்றிச் சொன்னாள். "அபாயம்னு காட்டத்தானே சிவப்பு போட்டீங்க? எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது 'முதல்ல என்னை எடு'ன்னு சொல்லுதுங்க. அப்புறம், காலி ஊர் சண்டையில சேராதுங்கறதும் தப்பு. அதை வெச்சுத்தான் நான் ஜெயிச்சேன். அது குதிரை ராஜாவுக்கு அநியாயம்."

நீண்ட இருமல். பிறகு, "வேற என்னென்ன தப்பு கண்ணுல பட்டுது? நேரம் இருக்கா?"

ஒரு மணி நேரம் பேசினாள், எட்டுத் தலைவர்களைப் பற்றியும். அண்ணன் பாதியில் எழுந்து போய்க் காயலான் கடைக்காரனுக்கு, "வராதே" என்றான். பதினோராம் நாள் வேலைக் கடிதம் வந்தது.

போகிற நாளன்று அண்ணி பையில் துணி அடுக்கினாள். மடிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினாள். அண்ணன் வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்து இழுத்துப் பார்த்தான். அறுந்த வார் இல்லை அது.

"அங்க ஒத்து வரலேன்னா?"

"வராட்டி சொல்றேன்."

"சாப்பாடெல்லாம்?"

"அண்ணே, வண்டி போயிடும். கொஞ்சம் நகருங்க."

அவன் ஒரு பக்கமாக நகர்ந்தான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.