கடைசியில் எழுத வேண்டிய கண்கள்

எங்கள் வீட்டில் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவோம். சின்னக் காஞ்சிபுரத்தில் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிற குடும்பம் எங்களுடையது. கருடனோ குதிரையோ யாளியோ, இறக்கை முதல் நகம் வரை எல்லாவற்றையும் பூசிக் காயவைத்துவிட்டு, நல்ல நாள் பார்த்து, விடிந்ததும் குளித்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்து கண்ணை எழுத வேண்டும். எழுதிவிட்டால் அதற்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அதன் மேல் தூரிகை படக் கூடாது. உயிருள்ளதைக் குத்துகிற மாதிரி அது. சிறகில் ஒரு பொட்டு விட்டுப் போயிருந்தாலும் விட்டது விட்டதுதான்.

எனக்கும் அண்ணனுக்கும் ஆறு வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் இருவர்தான். அண்ணி ஐயம்பேட்டையிலிருந்து மருமகளாக வந்த வருடம், கோயிலுக்கு வந்த பட்டணத்துக்காரர் ஒருவர் குதிரை வாகனத்தைப் பார்த்து மலைத்துப்போய், சென்னையில் சித்திரம் கற்றுத்தரும் பள்ளி ஒன்று இருக்கிறது, ஐந்து வருடம் படித்தால் பட்டயம் தருவார்கள், நீ அங்கே படிக்க வேண்டியவன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அண்ணனிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை.

இருவருமே போனோம். தேர்வுக்கு ஒரு பித்தளைச் செம்பை வைத்து வரையச் சொன்னார்கள். நான் வரைந்த செம்பு செம்பு மாதிரி இருந்தது. அண்ணன் வரைந்த செம்பில் தண்ணீர் நிறைந்திருப்பது தெரிந்தது. உள்ளே அவன் எதையும் வரையவில்லை, கனம் தெரிந்தது, அவ்வளவுதான். இருவருக்கும் இடம் கிடைத்தது. திரும்பி வரும் ரயிலில், செங்கல்பட்டு தாண்டியதும் அண்ணன் சொன்னான்.

"நீ போடா. நான் ஊர்லயே இருக்கறேன்."

"உன் கைதான் நல்லா இருக்குது. நீ போ."

"ரெண்டு பேரும் போய்ட்டா கருடனுக்கு யாரு வர்ணம் பூசறது? நீ பூசனா அது கோழியாப் பூடும்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு பேச்சு முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு தடவையாவது நான் மறுத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் பட்டணம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

பள்ளியில் முதல் இரண்டு வருடம் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்பில் வார்த்த சீமைத் தலைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அவற்றைப் பார்த்துக் கரியால் வரைய வேண்டும். அந்தத் தலைகளுக்குக் கண்மணியே கிடையாது. இமைக்கு நடுவில் வெறும் உருண்டைதான். எனக்கு அது ரொம்ப சௌகரியமாக இருந்தது. அந்தச் சீமைக்காரர்களும் நம்மைப்போல நாள் பார்த்துத்தான் கண் எழுதுவார்கள் போலிருக்கிறது, பாவம், நல்ல நாளே வரவில்லை என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

மூன்றாம் வருடம் உயிருள்ள மனிதர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வினை அங்கே ஆரம்பித்தது. கண்ணிலிருந்து தொடங்கு என்றார் வாத்தியார். இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள தூரம் பிடிபட்டால்தான் மூக்கு எங்கே, வாய் எங்கே என்று மற்றதெல்லாம் வந்து சேரும். அவர் சொன்னது முழுக்கச் சரி. என் மூளைக்கு அது புரிந்தது. கை கேட்கவில்லை. நெற்றி, தாடை, காது, கழுத்து, தலைப்பாகையின் மடிப்பு என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கண்ணுக்கு வருவேன். அதற்குள் மூக்கு ஒரு பக்கம் போயிருக்கும்.

"நீ வரையறது மனுஷனையா, வாகனத்தையா?" என்று ஒரு நாள் வகுப்பே கேட்கும்படி கேட்டார். அவருக்கு என் வீட்டுக் கதை தெரியாது. குருட்டாம்போக்கில் சொன்னதுதான், ஆனால் சுருக்கென்று தைத்தது.

நான்காம் வருடப் பரீட்சையில் மணி அடித்தபோது என் படத்தில் எல்லாம் இருந்தது, இரண்டு கண்களைத் தவிர. தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். தேறவில்லை. அந்த வருடத்தை மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. எனக்கு ஜுரம் வந்துவிட்டது, பரீட்சை சரியாக எழுத முடியவில்லை என்று அண்ணனுக்குப் பொய் எழுதினேன். 'ஒரு வருஷம்தானே, உடம்பைப் பார்த்துக்கொள்' என்று கார்டு வந்தது. தன் உடம்பைப் பற்றி அவன் ஒரு வரியும் எழுதவில்லை.

அந்த ஒரு வருடத்தில் கையை அடித்துப் பழக்கினேன். காலையில் எழுந்ததும் எதிரே இருப்பவன் கண்ணை வரைவேன். விடுதிச் சமையல்காரர், தபால்காரர், டிராமில் எதிர்ப்பலகையில் இருப்பவர், யாராக இருந்தாலும் கண்தான் முதலில். ஆரம்பத்தில் ஏதோ தப்பு செய்கிற மாதிரி உள்ளங்கை வியர்க்கும். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கடைசி வருடம் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். பாதி ஆளாக இருந்தான். நெஞ்சில் நோய், இருமலில் ரத்தம் வருகிறது என்று அண்ணி உள்ளே கூட்டிப்போய்ச் சொன்னார். அவர்கள் மகளுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. குழந்தையை அண்ணன் பக்கத்தில் விடுவதில்லை. அவன் கூடத்தில் உட்கார்ந்து, எட்ட இருந்தே கைதட்டி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டான்.

"அங்க கத்துக்கினு வந்தியே, அந்த மாதிரி என்னை எழுதேன். பாப்பாவுக்கு வேணும்டா. அவளுக்கு என் மூஞ்சி எங்க ஞாபகம் இருக்கப்போவுது?"

எங்கள் வீட்டில் யாரும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. பட்டணத்திலிருந்து கொண்டுவந்திருந்த கான்வாஸை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தினேன். வர்ணத்தைக் குழைத்து, பழக்கிய பழக்கத்தில், இடது கண் வரும் இடத்தில் தூரிகையை வைக்கப் போனேன்.

"டேய் டேய், இன்னாடா கண்ணுலர்ந்து ஆரம்பிக்கிற?"

"அங்க இப்படித்தாண்ணே."

"கண்ணைத் தொறந்துட்டு அப்புறம் மூஞ்சில போட்டுக் குத்துவியா? எனக்கே செய்வியா அதை?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "கடைசியில வெச்சிக்கலாம். பரீட்சை முடிச்சிக்கினு வா. வைகாசில நல்ல நாளாப் பாத்துச் சொல்றேன்."

மூன்று வருடமாக நான் பட்ட பாட்டையெல்லாம் அப்போது அவனிடம் சொல்லியிருக்கலாம். இதனால்தான் தேறாமல் போனேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் இடத்தில் போய்ப் படித்துவிட்டு வந்து அவனுக்கே பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை. சரிண்ணே என்று நெற்றியிலிருந்து தொடங்கினேன்.

எட்டு காலைகள் அவன் எதிரே உட்கார்ந்தேன். உள்வாங்கிய கன்னம், காதோரத்து நரை, கழுத்தில் புடைத்த நரம்பு, கீழுதட்டில் இருந்த வெட்டுத் தழும்பு எல்லாம் வந்துவிட்டன. கண்ணை மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் எழுதிவிடுவேனோ என்று வேண்டுமென்றே தவிர்த்தேன். எழுதின வரைக்கும் பார்த்துவிட்டு, "உன் கோழி கருடனாயிடுச்சிடா" என்றான் அண்ணன். என் ஆயுளில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் சான்றிதழ்.

சித்திரையில் கடைசிப் பரீட்சை. உட்கார வந்தவர் ஒரு வயதான ஜட்கா வண்டிக்காரர். வலது இமை இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். கருவிழியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். இடது கண்ணின் மூக்கோர மூலையில் இழை பிரிந்த மாதிரி ஒரு சிவப்பு நரம்பு. முதல் நாளே கண்ணைத்தான் எழுதினேன். நான்கு நாளில் படம் முடிந்தது. பின்னால் வந்து நின்ற வாத்தியார் என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். அந்தப் படத்துக்குத்தான் வகுப்பில் முதலிடம் கொடுத்தார்கள்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது விடுதிக்காரர் தந்தியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அண்ணனுக்கு மகன் இல்லை. கொள்ளி வைக்க நான்தான் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கண் மூடியிருந்தது. அவன் தலைமாட்டில் உட்கார்ந்தபோது, இமையை மெல்லத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது. கை கூடக் கொஞ்சம் நகர்ந்தது. எதிரே அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை இழுத்துக்கொண்டேன். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக என்னை நான் மன்னித்ததில்லை. பார்க்காமல் விட்டதற்காகவும் மன்னித்ததில்லை.

பட்டயம் வந்தது. ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்தேன். அண்ணி நெசவுக்காரர் வீடுகளுக்கு ராட்டையில் பட்டு சுற்றிக்கொடுத்தார். கண் இல்லாத அந்தப் படம் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

முதல் வருடத் திதி நெருங்கியபோது அண்ணி கேட்டார். "கண்ணு எழுதிக் குடுத்துடு தம்பி. மாலை போட ஒரு படமாச்சும் இருக்கட்டும்."

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த கண்கள். கோபித்தால் எப்படி இருக்கும், கிண்டல் செய்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் எது பெரிது எது சிறிது, இமை எங்கே மடியும், கருவிழி எவ்வளவு தெரியும் என்று ஒன்றுமே தெரியவில்லை. ஆறு வருடம் கண்ணால் பார்க்கப் படித்தவன் நான். அந்த ஜட்காக்காரரின் கண்ணை எழுதச் சொன்னால் இன்றைக்கும் அந்தச் சிவப்பு நரம்போடு எழுதிவிடுவேன்.

அண்ணியிடம் கேட்டேன். "எப்படி இருக்கும் அண்ணி, சொல்லுங்களேன்."

யோசித்துப் பார்த்தார். "எப்படின்னு சொல்றது? அவரு கண்ணு மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாப்பாவுக்கு அவன் கண்ணா?"

"இல்ல தம்பி. அவளுக்கு எங்க அம்மா கண்ணு."

நாள் வந்துவிட்டது. விடியற்காலையில் குளித்துவிட்டுப் பட்டினியாக உட்கார்ந்தேன். வேறு வழி தெரியாமல் சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், அவ்வளவாகவா மாறிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன், கொஞ்சம் மெலிய வைத்தேன், கொஞ்சம் வயதைக் கூட்டினேன். வேலை சுத்தமாக வந்தது. மூக்கு, வாய் எதுவும் விலகவில்லை.

அண்ணி வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது உன் கண்ணு தம்பி" என்றார்.

துணியை எண்ணெயில் நனைத்துத் துடைக்கப் போனேன். அண்ணி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்பும் பின்பும் அவர் என்னைத் தொட்டதில்லை.

"வேணாம். தொறந்த கண்ணை அழிக்கக் கூடாது. அவருதான் சொல்லிக்கினே இருப்பாரே."

அப்படியே மாலை போட்டோம்.

அண்ணன் மகளுக்கு ஏழு வயதிருக்கும். ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தவள் படத்துக்கு அடியில் முக்காலியைப் போட்டு ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். படத்தைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"சித்தப்பா, எங்கப்பா கண்ணு உன் கண்ணு மாதிரியே இருக்குது, இல்ல?"

உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ராட்டையின் சத்தம் நின்றது. அண்ணி வாசற்படிவரை வந்து நின்றதைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றேன். "அண்ணன் தம்பின்னா அப்படித்தான் இருக்கும்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. முக்காலியில் நின்றபடியே எக்கி, அந்தக் கண்களைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.