சிந்திய மல்லாட்டை

நேற்று இதே ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் உதவி கேட்டு எழுதியிருந்தேன். திண்டிவனத்தில் வேர்க்கடலை வியாபாரம் நடக்கும் மல்லாட்டை மண்டி வாசலில் யாரோ விட்டுப் போன மூன்று பூனைகள். ஒன்றுக்குக் கால் ஒடிந்திருக்கிறது. மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் பார்ப்பார், மருந்தை நாம்தான் வாங்க வேண்டும்.

நீங்கள் தந்தது இரண்டு ரூபாயும் ஏராளமான அறிவுரையும்.

இன்று அந்த மண்டிக்கே போய்க் கேட்டேன். "பூனைக்கா வசூல்?" என்று முதலாளி சிரித்தார்.

அங்கே தரையில் சிந்தும் மல்லாட்டைதான் பெருக்குகிற அஞ்சலைக்குக் கூலி. முறத்தில் இருந்த இன்றைய கூலி மொத்தத்தையும் அவர் முதலாளியின் தராசில் கொட்டினார்.

"எடை போட்டு காசை சார் கையில குடுங்க."

நான் பதறிப்போய் வேண்டாம் என்றேன்.

"எலி சாக்கைக் கடிச்சாதான் சார் எனக்கு நாலு மல்லாட்டை கூட சிந்தும். பூனை பொழைச்சா எனக்குத்தான் நஷ்டம்," என்றார் அஞ்சலை. "அதுக்காவ, கால் ஒடிஞ்சி கெடக்கறதைப் பாத்துக்கினு இருக்க முடியுமா?"

முதலாளி சிரிக்கவில்லை. தராசை விரலால் அழுத்தாமல் அவர் எடை போட்டதை இன்றுதான் பார்த்தேன்.

காலில் கட்டோடு பூனை தூங்குகிறது.

கீழே இடம் விட்டிருக்கிறேன், பேனாவும் கட்டித் தொங்குகிறது. நேற்றைய அறிவுரையில் மீதி இருந்தால் எழுதலாம்.