சம்பந்தியம்மாவுக்கு வயிறு சரியில்லை

அந்த இரும்புத் தொட்டிக்குச் சம்பந்தியம்மா என்று பெயர் வைத்தது அதைக் கவனித்துக்கொள்ளும் தொட்டிக்காரர்தான். நகராட்சிக் காகிதங்களில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. வீடுகளிலிருந்தும் காய்கறிச் சந்தையிலிருந்தும் வரும் ஈரக் குப்பையை அரைத்துக் கூழாக்கி, வேளை தவறாமல் தொட்டிக்கு ஊட்ட வேண்டும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று எரிவாயு கொடுக்கும். அந்த வாயுவில்தான் பெரிய மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சமையல் நடக்கிறது. கவனிப்பு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒருமுறை முகம் கோணிவிட்டால் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வேறென்ன பெயர் வைப்பதாம்?

தொட்டிக்காரர் முன்பு குப்பை லாரி ஓட்டியவர். ஊர்க் குப்பை முழுவதையும் தன் வீட்டுத் தெருக்கோடியில் இருந்த மேட்டில்தான் கொண்டுபோய்க் கொட்டினார். மேடு ஓயாமல் புகைந்தது. அவர் மனைவிக்கு இளைப்பு வந்தது. நாலடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொட்டியவன் நான், இழுப்பு அவளுக்கா என்று அவர் உள்ளுக்குள் குமைந்த காலம் அது. தொட்டி வந்த பிறகு மேட்டை மண் போட்டு மூடினார்கள். புகை போனது. ஆனால் இதெல்லாம் வெள்ளோட்டம்தான்; தொட்டி படுத்துவிட்டால் மேட்டை மறுபடி திறந்துவிடுவார்கள் என்று நகராட்சிப் பொறியாளர் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பிடிவாதம். ஒரு கூடைக் குப்பைகூட மேட்டுப் பக்கம் போகக் கூடாது. மனிதனுக்கு வைராக்கியம் இருக்கலாம், தப்பில்லை. அது தொட்டியின் வயிற்றுக்குத் தெரிய வேண்டாமா?

ஒருநாள் பழச்சாறு ஆலையின் லாரி வந்து நின்றது. உள்ளே முழுக்க அழுகிய ஆரஞ்சு.

“அண்ணே, நீங்க வாங்கலைன்னா பழைய மேட்டுலதான் கொட்டணும். வேற போக்கிடம் இல்ல,” என்றான் ஓட்டுநர்.

“மேட்டுலயா? என் பொணத்து மேல கொட்டு! இங்க இறக்குடா.”

இறக்கியதோடு விட்டாரா? இருந்ததை எல்லாம் அரைத்து ஒரே மூச்சில் ஊட்டியும் விட்டார். இரண்டொரு நாளில் மருத்துவமனை அடுப்பில் சுடர் தள்ளாடி அணைந்துபோனது. தொட்டியின் குழாயைத் திறந்து கூழைப் பிடித்து முகர்ந்தால், புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. பொறியாளர் அம்மாவிடம் ஓடி, ஒன்றுவிடாமல் சொன்னார்.

அந்த அம்மா கத்தியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கூழைச் சோதித்துப் பார்த்துவிட்டு, “புளிப்பு ஏறிடுச்சுண்ணே. கிருமிங்க தாங்கல. கொஞ்ச நாள் பட்டினி போடுங்க. சுண்ணாம்புத் தண்ணிய நான் பார்த்துப் பார்த்து விடுறேன். நல்லா ஓடுற தொட்டியிலேர்ந்து உயிருள்ள கூழ் கிடைச்சா பொழைச்சுக்கும்,” என்றார். மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசும்போதும் ‘நாங்க அதிகமா ஊட்டிட்டோம்’ என்றார். அந்த ‘நாங்க’ என்ற சொல்லைத் தொட்டிக்காரர் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

ஓடுகிற தொட்டி பக்கத்தில் இன்னொன்றுதான் உண்டு. மாட்டுப் பண்ணைக்காரருடைய சாண எரிவாயுத் தொட்டி. அதை நாலு பேர் முன்னால் ‘சாணிச் சட்டி’ என்று கிண்டலடித்தவர் சாட்சாத் நம் தொட்டிக்காரரேதான். வேறு வழியில்லாமல் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பண்ணைக்காரர் என்ன தேவதூதரா, சும்மா விட?

“சாணிச் சட்டிதானே? வேணுங்கிற மட்டும் மொண்டுக்கங்க,” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு டேங்கரை நிரப்பித் தானே ஓட்டியும் வந்தார்.

ஆனால் தொட்டி பட்டினி கிடந்தால் அன்றாடக் குப்பை எங்கே போகும்? மேட்டுக்குத்தான். வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனைவி கேட்டாள். சொன்னார்.

“இவ்வளவுதானா? குப்பையே வராம பார்த்துக்கிட்டா போச்சு.”

“அது எப்படிடி ஆகும்?”

“நீங்க உங்க சம்பந்தியப் பாருங்க. ஊர நான் பார்த்துக்கறேன்.”

அவர் தொட்டியடியிலேயே பழியாகக் கிடந்தார். அவள் வீடு வீடாகப் போனாள். தோலையும் தொலியையும் மொட்டை மாடியில் காயப் போடச் சொன்னாள். இடம் உள்ளவர்களைக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னாள். “எத்தனை நாளைக்குக்கா?” என்று கேட்டவர்களிடம், “சம்பந்தியம்மாவுக்கு வயிறு சரியாகிற வரைக்கும்” என்றாள். சிரித்தார்கள், ஆனால் செய்தார்கள். சந்தைக்காரர்கள் கழிவுக் கீரையைப் பண்ணை மாடுகளுக்கு அனுப்பினார்கள். மேடு மூடியபடியே கிடந்தது.

கடைசியில் மருத்துவமனைச் சமையல்காரர் தொலைபேசியில் கூவினார்: “அண்ணே, அடுப்பு பிடிச்சிருச்சு! நீலமா, நிமிர்ந்து எரியுது!”

தொட்டிக்காரர் அங்கேயே நின்று அழுதார். பொறியாளர் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பண்ணைக்காரரைக் கூப்பிட்டு நன்றி சொல்லப் போய், வெறும் ‘அண்ணே’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். முகம் தெரியாத எத்தனை வீட்டுக்காரர்கள் தனக்காகத் தோல் காயப் போட்டார்கள் என்று நினைக்க நினைக்க மனசு நிறைந்தது. இந்த ஊருக்கு என்ன செய்து தீர்ப்பது?

வீட்டில் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டார்.

“அந்த மாடிக் குடியிருப்புக்கெல்லாம் யாரை அனுப்பினே?”

“யாரை அனுப்ப? நானேதான் ஏறினேன். நாலு மாடி.”

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. “இழுத்திருக்குமே! மருந்து எடுத்துட்டுப் போனியா, இல்லையா?”

“வீட்லயே வெச்சுட்டுப் போயிட்டேங்க,” என்றாள் அவள். “உச்சி மாடியில இழுப்பே இல்லாம நின்னு பேசிட்டு இருக்கும்போதுதான் ஞாபகமே வந்துச்சு.”