நீக்கிலாஸ் மாமாவின் வலது கால்

குருநகர் இறங்குதுறையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு படகு எஞ்சின் திருத்துகிற ஒரே ஆள் நீக்கிலாஸ் மாமா. எங்கள் பக்கத்து வீடு. சப்பாத்து, காலுறை, அதற்குமேல் நீளக் காற்சட்டை. சித்திரை வெயிலில் மற்ற ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்க, இவர் மட்டும் வங்கிக்குப் போகிறவர்போல நிற்பார்.

காரணம் ஊருக்கே தெரியும். சண்டைக் காலத்தில் மிதிவெடியில் அவருடைய வலது கால் கணுக்காலுக்கு மேலே போய்விட்டது. இப்போது இருப்பது றப்பர்ப் பாதம் வைத்த பொய்க்கால். கைவசம் இருந்த நிறத்தில்தான் பாதம் கிடைத்ததாம். அவரைவிட நல்ல சிவப்பு. இருபத்தெட்டு வருடமாக அதை மனைவி அருமைநாயகி மாமியைத் தவிர ஒருவருக்கும் காட்டியதில்லை. திருநாள் ஊர்வலத்தில் புனிதரின் சுருவம் தூக்கக் கூப்பிட்டால் முதுகு பிடித்திருக்கிறது என்பார். பூசையில் கடைசி வாங்கில், கதவோரம் இருப்பார். நாங்களும் முதுகைப் பற்றியே விசாரிப்போம். அந்தக் காலைத் தெரியாததுபோல இருந்து இருந்து, எனக்கு உண்மையாகவே மறந்துபோய்விட்டது. இல்லாவிட்டால் நான் அதைச் செய்திருக்கமாட்டேன்.

பெரிய வியாழன் பூசையில், இயேசு அப்போஸ்தலர்களுக்குச் செய்ததுபோல, சுவாமியார் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவுவார். விருப்பமானவர்கள் பெயர் எழுத மூப்பர் கோயில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். பதினொரு பெயர் இருந்தது. எஞ்சின் மூடிக்குள் நான் நண்டு விட்டதை நீக்கிலாஸ் மாமா அந்தக் கிழமைதான் அம்மாவிடம் சொல்லிக்கொடுத்திருந்தார். பன்னிரண்டாவதாக அவர் பெயரை எழுதினேன். மூப்பரோடு சண்டை பிடிப்பார், பார்க்கலாம் என்பது திட்டம்.

அதற்கு முந்திய குருத்தோலை ஞாயிறு பூசை முடிவில் மூப்பர் பெயர்களை வாசித்தார். பன்னிரண்டாவது பெயர் வந்ததும் கோயில் முழுக்க ஒரே நேரத்தில் செருமியது. அப்போதுதான் எனக்குக் கால் ஞாபகம் வந்தது. எல்லாரும் வேட்டியோடு வரவேண்டும், வலது காலைத்தான் கழுவுவது என்றும் மூப்பர் வாசித்தார். தாளில் இருப்பதை முழுவதும் வாசிக்கிற மனிதர்.

மாமா சண்டை பிடிக்கவில்லை. மூன்று நாள் எஞ்சினும் திருத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் போனேன். வேலியோரம் இருந்து ஏதோ ஒரு எஞ்சின் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்கடை பேரை எழுதினது நான்."

"தெரியும். நண்டு ஓடின மாதிரி எழுத்து ஊரிலை உனக்குத்தான்."

"மூப்பரிட்டைச் சொல்லி வெட்டிவிடுறன்."

"மாமியும் அதைத்தான் சொல்லுறா." துடைத்ததையே மறுபடி துடைத்தார். "இருபத்தெட்டு வருஷமா ஆண்டவரிட்டை ஒண்டுதான் கேட்டனான். இந்தக் காலை ஒருத்தரும் பாக்கக்கூடாது. இப்ப எல்லாருக்கும் முன்னாலை நீட்டு எண்டுறார்."

"அவர் சொல்லேல்லை மாமா. நான்தான் எழுதினனான்."

"அதைத்தான் மூண்டு நாளா யோசிக்கிறன். எனக்குச் சொல்லி அனுப்ப உன்னை விட்டால் அவருக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையோ எண்டு. பரலோகத்திலையும் ஆள் பஞ்சம் போலை."

"அப்ப வருவியளோ?"

"பேதுருவும் முதல், 'என்ரை காலைக் கழுவவேண்டாம்' எண்டுதான் சொன்னவர். ஆண்டவர் அவரை விட்டவரோ? போ பெட்டை, அந்த ஆணியை மிதிச்சுப்போடாதை."

வியாழக்கிழமை வேட்டி கட்டி வந்தார். சப்பாத்து அப்படியே இருந்தது. எழுதினவள் பின்னால் ஒளியக்கூடாது என்று மாமி என்னை முன் வாங்கில் பிடித்து இருத்தியிருந்தார். மற்றப் பதினொரு பேரும் செருப்பைக் கழற்றிய நேரத்தில் மாமா ஒரு முடிச்சைத்தான் அவிழ்த்திருந்தார். முடிச்சு அவ்வளவு இறுக்கம் இல்லை. நான் பார்த்தேன். கடைசியில் காலுறையையும் கழற்றினார்.

சுவாமியார் புதிதாக மாற்றலாகி வந்தவர். ஒருவருக்கும் தெரியாத காலைப் பற்றி அவருக்கு யார் சொல்வது? முழங்காலில் இருந்து செம்பைத் தூக்கியவரின் கை அப்படியே நின்றது.

"இடதை நீட்டு, நீக்கிலாஸ்," என்றார் மூப்பர் பின்னாலிருந்து.

"வலது எண்டுதானே வாசிச்சனீர்," என்றார் மாமா. பிறகு சுவாமியாரிடம், "பாதர், உது றப்பர். தண்ணி பட்டால் ஒண்டும் செய்யாது. ஊத்துங்கோ."

மெதுவாகத்தான் சொன்னார். சுவாமியாரின் கழுத்தில் மைக் இருந்தது. இறங்குதுறைவரை கேட்டிருக்கும்.

சுவாமியார் ஊற்றினார். மற்றவர்களுக்குச் செய்ததுபோலவே கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். இந்த முறை ஒருவரும் செருமவில்லை.

பூசை முடிந்து மாமா கோயில் படியில் இருந்து காலை நீட்டினார். மாமி குந்தியிருந்து சேலைத் தலைப்பால் றப்பர் விரல்களுக்கு இடையில் துடைத்தார். "ஈரம் நிண்டால் நாறும்," என்றார். சனம் கடந்து போனது. மாமா காலை இழுக்கவில்லை.

"அடுத்த வருஷம் ஆரின்ரை பேரை எழுதப்போறாய்?" என்று என்னைக் கேட்டார்.

"இனி ஒருத்தரின்ரையும் எழுதமாட்டன்."

"உன்ரை அப்பரின்ரை பேரை எழுது. அந்தாளின்ரை காலுக்குத்தான் உண்மையிலை தண்ணி வேணும்."

இடது சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, எல்லாவற்றையும் என் கையில் தந்துவிட்டு எழும்பினார். வீடுவரை ஒரு கால் கறுப்பும் ஒரு கால் சிவப்புமாக நடந்தார். நான் சப்பாத்தோடு பின்னால் போனேன்.