குறுக்கே கிடந்த கிளை

போன வருடப் பள்ளி விடுமுறையில், குனோங் ராபாட்டில் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பஸ் பிடித்துச் சுற்றுலா போனோம். கோப்பெங்குக்கு மேலே, மலையில் இருக்கும் ஓராங் அஸ்லி கம்பம் ஒன்றுக்கு, அதாவது சின்னக் கிராமத்துக்கு. அருவிக் குளியல், மதியச் சாப்பாடு, கடைசியில் அந்தப் பூர்வகுடி மக்களின் ஆட்டம். எல்லாம் ஒரே டிக்கெட்டில்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

மண் பாதைக்குள் திரும்பியதும் பஸ் நின்றது. இலைகளோடு பெரிய கிளை ஒன்று குறுக்கே கிடந்தது. எங்களை அழைத்துப் போன கைடு, ஒரு தமிழ் இளைஞர், இறங்கி அதை ஓரமாக இழுத்துப் போட்டார். "காத்துல விழுந்திருக்கு. மரமே விழாம விட்டுச்சே, சாமி காப்பாத்திருச்சுலா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அருவியில் குளிக்கக் கூச்சப்பட்டு நான் வீடுகள் பக்கம் நடந்தேன். ஒரு மூங்கில் வீட்டுப் படியில் என் வயதுக்காரர் ஒருவர் ஓலையில் தலைப்பட்டை பின்னிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின்போது எங்கள் தலையில் வைப்பதற்காக. எஸ்டேட்டில் வளர்ந்த காலத்தில் பெத்தாய்க் காய் விற்க வரும் அஸ்லிக்காரர்களோடு மலாய் பேசிப் பழகியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் பேச்சுக் கொடுத்தேன். சின்னப் பட்டை ஒன்று தனியாகக் கிடந்தது.

"இது பிள்ளைகளுக்கா?"

"என் மகளுக்குப் பின்னியது. போன வாரம் காய்ச்சலில் போய்விட்டாள்."

அவரே மெதுவாகச் சொன்னார். கம்பத்தில் சாவு விழுந்தால், துக்கம் முடிந்து விருந்து வைக்கும்வரை பாட்டும் ஆட்டமும் கூடாதாம். வெளி ஆள் வரக்கூடாது என்பதற்காகப் பாதையில் கிளை வெட்டிப் போடுவார்களாம்.

"பஸ்ஸை நிறுத்தாது என்று தெரிந்தும், முறைக்காக இன்றைக்கும் போட்டிருந்தேனே, பார்க்கவில்லையா?"

நம் வீட்டில் சாவு என்றால் பதினாறு முடியும்வரை கோயில் வாசலைக்கூட மிதிக்க மாட்டோம். நேராகக் கைடிடம் போனேன். "தம்பி, ஆட்டத்த நிறுத்திருங்க. அவர் வீட்டுல பிள்ள செத்துருக்கு."

கைடின் முகம் மாறிப்போனது. "எனக்கு யாரும் சொல்லலியே அண்ணே. நிறுத்தலாம். ஆனா, முதலாளி அடுத்த வாரமே பஸ்ஸ வேற கம்பத்துக்குத் திருப்பிருவாரு. மேல இருக்கற கம்பத்துக்கு அப்படித்தான் ஆச்சு. இவங்க காடெல்லாம் டுரியான் தோட்டமாப் போச்சு. இவங்களுக்கு வேற என்னண்ணே இருக்கு?"

தலைப்பட்டை பின்னியவரும் என் பின்னாலேயே வந்திருந்தார். தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் என்று மலாயில் அழைத்துச் சொன்னார். "வேண்டாம் அபாங், யாரிடமும் சொல்லாதீர்கள். பஸ் வராவிட்டால் இங்கே ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது."

ஆட்டம் நடந்தது. பெண்கள் மூங்கில் குழாய்களைக் கட்டையில் இடித்துத் தாளம் போட்டார்கள். அவர் தரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஆடினார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள், போனில் படம் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கண்ணே, புது மாப்பிள்ள மாதிரி என்ன வெக்கம்? அவங்க எவ்வளவு சந்தோசமா ஆடுறாங்க, பாருங்கலா!"

அவர் ஒரே ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் பாதைக்கு இறங்கி வந்து, ஓரத்தில் கிடந்த கிளையை இழுத்து மறுபடியும் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் இலைகள் வாடிவிட்டன. மறுநாள் காலையில் இன்னொரு பஸ் வரும் என்று கைடு சொல்லியிருந்தார்.

இப்போதும் வழியில் எங்கேயாவது கிளை கிடந்தால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிடுகிறேன். நான் ஒருவன் நிறுத்துவதால் அந்த மலைக்குப் போகும் பஸ் நிற்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.