மாமா காரின் பின் சீட்டு

ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் எண்ணூர் சாலையில் ஒரு வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும். பட்டறைக்குள் உட்கார்ந்தபடியே எந்தச் சக்கரத்தில் தேய்மானம் என்று சொல்லிவிடுவேன். சும்மா பீற்றிக்கொள்ளவில்லை, வந்து பார்க்கலாம். அப்படிப்பட்ட எனக்கே ஒரு வண்டியின் கதை விளங்கப் பல வருடம் ஆனது.

தொண்ணூறுகளின் கடைசி. காத்திவாக்கத்தில் மாமாவும் அத்தையும் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். மாமாவிடம் பழைய ஃபியட் ஒன்று. வார நாளில் துறைமுகத்துக்கு ஆள் ஏற்றும். ஞாயிறன்று பந்தயத் திடலில் ஓடும். பாரம் குறையவேண்டும் என்று சனிக்கிழமையே பின் சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் போட்டுவிடுவார். அதுதான் எங்கள் சோபா. தெருவில் வேறு யார் வீட்டில் சோபா இருந்தது?

கண்டெய்னர் லாரிகள் குதறிய சாலையில் ஓடி ஓடி, வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்துபோயின. பெரிய பந்தயம் வருகிறதென்று மாமா கெட்டியான பட்டைகள் வாங்கிவைத்தார். அவற்றைப் பூட்டினால் வேகத்தில் வண்டி சாயாது, ஆனால் பள்ளத்தில் ஆளைத் தூக்கிப்போடும். அத்தை அப்போது நிறைமாதம். அதற்குமுன் உண்டானவை தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக இந்த வண்டியை விட்டால் வேறு கிடையாது.

"உன் ரேசு வண்டில ஏறுனா வவுத்துல கீறது வாய்க்கு வந்துடும்யா" என்றாள் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாமா சிரிக்கவில்லை.

பந்தய ஞாயிறு. சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு, "எல்லாரும் வந்து ஏறுங்க" என்று மாமா கூப்பிட்டார். பின் சீட்டு வண்டியில் இருந்தது. பந்தயம் பார்க்கப் போகிறோம் என்று நான் பொங்கல் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறினேன். பின்னால் அம்மாவும், தலையணையோடு அத்தையும். மாமாவோ ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"எப்ப மாமா கெளம்பும்?"

"கெளம்பிக்கினுதான் கீது. ஆடாம குந்துடா!"

மாமாவின் தோஸ்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா மாமு, ரேசுக்கு வர்ல?"

"வண்டி ரெடியாவல" என்றது அடியிலிருந்து குரல்.

வேலை முடிந்ததும் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார். வண்டி ஓரடி நகரவில்லை. பொங்கல் சட்டையோடு அழுதேன்.

பட்டறை வைத்த பிறகுதான் விளங்கியது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் பட்டையின் போல்ட்டை முடுக்கினால் அதற்குள் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். எந்தப் பாரத்தோடு வண்டி ஓடப்போகிறதோ, அந்தப் பாரத்தை ஏற்றி நிறுத்தித்தான் முடுக்கவேண்டும். பந்தயத்துக்கு என்றால் ஓட்டுபவர் ஒருவர் உட்கார்ந்தால் போதும்; மாமா ஏற்றியதோ எங்களை. அன்றைக்கும் கெட்டிப் பட்டைகள் கோணியில் சுற்றியபடி கட்டிலுக்கடியில் கிடந்தன. வண்டியில் மாமா பூட்டியிருந்தது மெத்தென்ற வேறு பட்டைகளை.

கொஞ்ச நாளில் அந்தப் பின் சீட்டில்தான் அத்தை கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். தெருவே கூடி நின்றது. நான் மட்டும் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சோபாவ எப்ப மாமா கயட்டுவ?"

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.